கணிதமும் பொருளாதாரமும் சேர்ந்த பட்டங்கள்: பெயரை விடுங்கள், இரண்டாம் ஆண்டைப் பாருங்கள்

கணக்கும் பிடிக்கும், பொருளாதாரமும் பிடிக்கும் என்கிற மாணவருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். பொருளாதாரம், கணிதப் பொருளாதாரம், கணிதமும் பொருளாதாரமும், பொருளாதாரத்தைத் துணைப்பாடமாகக் கொண்ட கணிதம், அளவுசார் பொருளாதாரம், எகனாமெட்ரிக்ஸ் (புள்ளியியலைக் கொண்டு பொருளாதாரக் கருத்துகளைத் தரவில் சோதிக்கும் பாடம்) என்று அரை டஜன் பெயர்கள் வரிசையில் வந்து நிற்கும். எல்லாப் படிப்பும் பகுப்பாய்வுத் திறனை வளர்க்கும், நல்ல வேலை வாங்கித் தரும் என்றுதான் கையேடுகள் சொல்லும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுக்கொன்று வேறு.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலை எடுங்கள். அதில் ரியல் அனாலிசிஸ், அதாவது கால்குலஸின் அடித்தளத்தை நிரூபணத்தோடு கற்றுத்தரும் பாடம், கட்டாயமா? எகனாமெட்ரிக்ஸ் ஒரு பெயருக்கான தாளாக இல்லாமல் இரண்டு மூன்று தாள்களாகத் தொடர்கிறதா? இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலை வைத்தே அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முக்கால்வாசி சொல்லிவிடலாம். முதலாண்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடங்களோ இரண்டாம் ஆண்டில் எதை முடித்தோம் என்பதைப் பொறுத்தே திறக்கும்.

ஒரே கணக்கு, மூன்று வகுப்பறை

ஒருவரிடம் செலவழிக்க 1200 இருக்கிறது. ஒரு பொருளின் விலை 20, இன்னொன்றின் விலை 30. இரண்டிலும் வாங்கும் எண்ணிக்கையைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் அவருக்குக் கிடைக்கும் திருப்தி என்று வைத்துக்கொள்வோம். அவர் எதை எவ்வளவு வாங்குவார்?

பொருளாதாரத் துறை வகுப்பில் இதற்கு லக்ராஞ்சி பெருக்கி முறையை, அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்சத்தைத் தேடும் வழியை, சொல்லித் தருவார்கள். பகுதி வகைக்கெழு எடுத்துச் சுழியத்துக்குச் சமன்படுத்தினால் ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும்: முதல் பொருளில் 30, இரண்டாவதில் 20. அதாவது பணத்தில் பாதி இதற்கு, பாதி அதற்கு. அடுத்து விலை ஏறினால் என்ன ஆகும், வரி போட்டால் என்ன ஆகும் என்று பாடம் நகர்ந்துவிடும்.

கணிதத் துறை வகுப்பில் இதே கணக்கைக் கொடுத்தால் முதல் கேள்வியே வேறு. உச்ச மதிப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு விலையும் சுழியத்தைவிடப் பெரியவை என்பதால், வாங்க முடிந்தவற்றின் கணம் மூடியது, வரம்புக்குட்பட்டது. திருப்திச் சார்பு தொடர்ச்சியானது. ஆகவே உச்சம் உண்டு என்று வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் சொல்கிறது. ஒரு விலையைச் சுழியமாக்கிப் பாருங்கள், உத்தரவாதம் போய்விடும். எவ்வளவு வாங்கினாலும் இன்னும் கொஞ்சம் வாங்கலாம், உச்சமே கிடையாது. திருப்தியைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு எண்ணிக்கைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று வைத்தால் கதை இன்னும் வேடிக்கை. அதே லக்ராஞ்சி முறை ஏறக்குறைய 18.5, 27.7 என்று ஒரு விடை கொடுக்கும். மொத்தப் பணத்தையும் செலவழிக்கும் வழிகளிலேயே ஆகக் குறைந்த திருப்தி தருவது அதுதான்! உண்மையான உச்சம் முதல் பொருளை மட்டும் 60 வாங்குவதில் இருக்கிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுக்கி விழுவார்.

எகனாமெட்ரிக்ஸ் வகுப்பு மூன்றாவது வாசல் வழியாக நுழையும். முதல் விடைப்படி வருமானம் இரட்டிப்பானாலும் செலவில் பாதி பாதி என்கிற விகிதம் மாறாது. நிஜக் குடும்பங்கள் அப்படியா செலவழிக்கின்றன? எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-லேயே பதில் சொல்லிவிட்டார். வருமானம் கூடக் கூட உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது. அப்படியானால் நாம் எடுத்துக்கொண்ட சார்பு உணவுச் செலவை விளக்க லாயக்கில்லை. வேறு எது பொருந்தும், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம், தரவில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று இந்த வகுப்பு போகும்.

இந்த மூன்றையும் படிக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கு ‘அட’ என்று தோன்றியது? பதில் உடனே வந்திருந்தால் தேர்வு பாதி முடிந்தது. மூன்றிலும் தோன்றியிருந்தால் மேலே படியுங்கள்.

பொருளாதாரம் முதன்மை, கணிதம் துணை

இந்தப் படிப்பை ‘கணக்கு வராதவர்கள் போகிற இடம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. பணவீக்கம் ஏன் ஏறுகிறது, மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் யாருக்கு வலிக்கும், குறைந்தபட்சக் கூலி வேலைகளை அழிக்குமா என்பன போன்ற கேள்விகளோடு நெடுநேரம் மல்லுக்கட்டும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். தொழிலாளர் பொருளாதாரம், வளர்ச்சிப் பொருளாதாரம், பொது நிதி, பன்னாட்டு வணிகம், பொருளாதார வரலாறு என்று விருப்பப் பாடங்கள் விரிந்து கிடக்கும். கட்டுரை எழுதியே தீரவேண்டும், அதனால் எழுத்து கைவரும். கணித மாணவர்கள் இந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவார்கள். முதல் வேலையில் இரண்டு பக்க அறிக்கை எழுதச் சொல்லும்போது அதன் அருமை தெரியும்.

ஆல்ஃபிரட் மார்ஷல் 1865-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தவர். முதலிடம் பிடித்தவர் பிற்காலத்தில் இயற்பியலில் பேர்போன ராலே பிரபு என்றால் மார்ஷலின் தரம் புரியும். அப்படிப்பட்டவர் 1906-ல் ஒரு கடிதத்தில் எழுதிய ஆலோசனை: கணிதத்தைச் சுருக்கெழுத்து மாதிரிப் பயன்படுத்து, முடிவு வந்ததும் அதைச் சாதாரண மொழியில் எழுது, வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு, அப்புறம் கணிதத்தை எரித்துவிடு. இன்றைய பொருளாதார ஆய்விதழ்களைப் பார்த்தால் யாரும் எதையும் எரித்த மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் எழுதத் தெரியாத பொருளாதார மாணவர் அரைகுறைதான் என்பது அன்றும் இன்றும் உண்மை.

குறை எங்கே என்றால், இந்தப் படிப்புகளில் ‘பொருளாதாரத்துக்கான கணிதம்’ என்று ஒரு தாளோ இரண்டு தாளோ இருக்கும். வகைக்கெழு, அணிகள், லக்ராஞ்சி வரை வந்து நின்றுவிடும். நிரூபணம் எழுதும் பழக்கம் வராது. வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய இழப்பில்லை. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்குத்தான் சிக்கல். முன்னணிப் பல்கலைக்கழகங்களின் முனைவர் படிப்பில் முதலாண்டுப் பாடங்கள் கணிதக் குறியீடுகளிலும் நிரூபணங்களிலும் ஓடும். வகுப்பு தொடங்கும் முன்பே சில வாரங்கள் ‘மேத் கேம்ப்’ என்ற கணிதப் பயிற்சி முகாம் நடத்தும் துறைகள் பல. சேர்க்கைக் குழுவும் லீனியர் அல்ஜீப்ரா (அணிகளையும் திசையன்களையும் பற்றிய கணிதம்), பல மாறி கால்குலஸ், நிகழ்தகவு, ரியல் அனாலிசிஸ் ஆகியவற்றில் வாங்கிய மதிப்பெண்ணைத் தேடிப் பார்க்கும். விதிவிலக்குகள் உண்டு. 2019-ல் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோ இளங்கலையில் படித்தது வரலாறும் பொருளாதாரமும். ஆனால் விதிவிலக்கை நம்பி வண்டியைப் பூட்டக் கூடாது.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். கிரெடிட் முறையில் நீங்களே பாடங்களைப் பொறுக்கிக்கொள்ளும் பல்கலைக்கழகம் என்றால், பொருளாதாரத்தை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்து, மேலே சொன்ன நான்கு கணிதப் பாடங்களோடு கணிதப் புள்ளியியலையும் சேர்த்துக்கொண்டால் போதும். ‘கணிதப் பொருளாதாரம்’ என்று பெயர் போட்ட பல படிப்புகளுக்கு இது சளைத்ததல்ல. அமெரிக்க முறையில் மேஜரைப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அறிவித்தால் போதும் என்பதால் யோசிக்க நேரமும் கிடைக்கும். பிரிட்டிஷ் முறையில் விண்ணப்பிக்கும்போதே பட்டத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அங்கே துணைப்பாடம் என்பது பாடத்திட்டம் ஏற்கெனவே ஒதுக்கிய அளவுதான். உங்கள் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஆகவே பிரிட்டிஷ் முறையில் படிக்கப் போகிறவர்தான் இந்த ஒப்பீட்டை அதிகக் கவலையோடு செய்ய வேண்டும்.

சரிபாதி என்று சொல்லப்படுவது

‘கணிதமும் பொருளாதாரமும்’ என்று இரண்டுக்கும் சம இடம் கொடுக்கும் கூட்டுப் பட்டங்கள் வெளியிலிருந்து பார்க்க ஆகச் சிறந்தவையாகத் தெரியும். சில உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் இந்த வகையில்தான் நல்லதுக்கும் சுமாருக்கும் இடைவெளி அதிகம்.

சுமாரான கூட்டுப் பட்டத்தின் அடையாளம் இது. கணிதத் துறையிலிருந்து பாதிப் பாடம், பொருளாதாரத் துறையிலிருந்து பாதிப் பாடம், இரண்டும் எங்குமே சந்திக்காது. திங்கட்கிழமை காலை குலக் கோட்பாடு (கணிதத்தின் குரூப் தியரி), மதியம் பணக் கொள்கை. ஒன்றில் படித்தது மற்றதில் உதவவே உதவாது. இரண்டு துறைக்கும் அறிமுகத் தாள்களையே முடித்துக்கொண்டிருப்பதால் மூன்றாம் ஆண்டின் நல்ல பாடங்களுக்குத் தேவையான முன்பாடம் எப்போதும் ஒன்று குறையும். கால அட்டவணை மோதும். சிக்கல் வந்தால் இந்தத் துறை அந்தத் துறையைக் கைகாட்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதைதான்.

நல்ல கூட்டுப் பட்டத்தில் நடுவில் பாலங்கள் இருக்கும். கேம் தியரி (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களின் கணிதம்), உத்தமமாக்கல் (ஆகச் சிறந்த விடையைத் தேடும் கணிதம்), கணித நிதியியல், நிரூபணத்தோடு நடத்தும் நுண்பொருளியல் (தனிநபர், நிறுவன முடிவுகளைப் பற்றிய பொருளாதாரம்) என்று இரண்டு பக்கமும் தெரிந்தால் மட்டுமே எடுக்க முடிகிற தாள்கள் அவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறை ‘மேத்தமேட்டிக்கல் எகனாமிக்ஸ்’ என்று தனி மேஜர் வைத்திருக்கிறது; அதில் ரியல் அனாலிசிஸைத் தவிர்க்க முடியாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ‘மேத்தமேட்டிக்ஸ் அண்ட் எகனாமிக்ஸ்’ கணிதத் துறையின் பட்டம். ‘எகனாமெட்ரிக்ஸ் அண்ட் மேத்தமேட்டிக்கல் எகனாமிக்ஸ்’ பொருளாதாரத் துறையின் பட்டம். ஒரே வளாகம், கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயர்கள், ஆனால் மாணவர் எந்தத் துறையின் பிள்ளை என்பதில் வித்தியாசம். இது சின்ன விஷயமில்லை. ஆலோசகர் யார், ஆய்வுக் கட்டுரையை யார் மேற்பார்வை செய்வார், பரிந்துரைக் கடிதம் யாரிடமிருந்து வரும், இடம் குறைவான விருப்பப் பாடத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் பெரும்பாலும் தாய்த் துறைதான் தீர்மானிக்கும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் ‘இந்தப் பட்டத்தை நடத்துவது எந்தத் துறை?’ என்று கேட்டுவிடுங்கள்.

வேலைப் பளுவைப் பற்றி ஒரு வார்த்தை. பொருளாதாரப் பாதி இளைப்பாறும் பாதியாக இருக்கும் என்ற நினைப்பில் கூட்டுப் பட்டத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு கணிதப் பயிற்சித் தாள்களுக்கு நடுவே, படித்து முடிக்க ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளும் எழுதி முடிக்க ஒரு நீண்ட கட்டுரையும் வந்து விழும்போது அந்த நினைப்பு போய்விடும். இரண்டு துறைகள், இரண்டு விதமான தேர்வு. ஒன்றில் பழகிய படிப்பு முறை மற்றதில் செல்லாது.

கணிதம் முதன்மை

இந்த வழியின் பெரிய பலம் ஒன்றே ஒன்று. கணிதத்திலிருந்து பொருளாதாரத்துக்குத் தாவலாம்; திரும்பி வருவது கஷ்டம். கணிதப் பட்டதாரியைப் பொருளாதார முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் நிறைய. பொருளாதாரம் மட்டும் படித்தவரைக் கணித முதுகலையில் சேர்ப்பது அபூர்வம். பொருளாதாரத்தின் மேல் உள்ள ஆசை நிலைக்குமா என்று உங்களுக்கே சந்தேகமிருந்தால், கணினியியல், புள்ளியியல், இயற்பியல் என்று எந்தப் பக்கமும் திரும்ப இடம் கொடுக்கும் படிப்பு இது.

பொருளாதாரத்தின் கணித முகத்தைச் செதுக்கியவர்களில் பலர் இந்தப் பக்கமிருந்து வந்தவர்கள். 1969-ல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது ராக்னர் ஃபிரிஷோடு அதைப் பகிர்ந்துகொண்ட யான் டின்பெர்கன் படித்தது இயற்பியல். 1983-ல் பரிசு பெற்ற ஜெரார் தெப்ரோ பாரிஸில் கணிதம் படித்தவர். கென்னத் ஆரோவும் தெப்ரோவும் 1954-ல், எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வரக்கூடிய விலைகள் உண்டு என்று நிரூபித்தார்கள். அதற்குக் கைகொடுத்தது இடவியலைச் சேர்ந்த நிலைப்புள்ளித் தேற்றங்கள். கேம் தியரியில் பேர்போன ஜான் நாஷின் சமநிலைக்குப் பின்னால் இருப்பதும் அதே குடும்பத்துத் தேற்றம்தான். இப்படிப்பட்ட வேலையைப் பார்த்து ஆசைப்படுகிறவருக்குக் கணித முதன்மையைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. எண் கோட்பாடு, குலக் கோட்பாடு, சிக்கலெண் பகுப்பாய்வு என்று கணிதப் பட்டத்தில் கணிசமான பகுதி பொருளாதாரத்தில் நேரடியாகப் பயன்படாது. அவற்றை அவற்றுக்காகவே ரசிக்க முடிந்தால்தான் மூன்று ஆண்டும் ஓடும். ‘பின்னால் பொருளாதாரத்துக்கு உதவும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே களைத்துப்போவார். அடுத்தது, பல கணிதத் துறைகளில் தரவையே கண்ணில் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். ரெக்ரஷன் (தரவில் ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் முறை) என்றால் என்ன என்று தெரியாத கணிதப் பட்டதாரி கற்பனைப் பாத்திரம் அல்ல. துணைப்பாட ஒதுக்கீட்டை அறிமுகப் பொருளாதாரத் தாள்களில் செலவழித்துவிடாமல் புள்ளியியலுக்கும் எகனாமெட்ரிக்ஸுக்கும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணிதத் தேர்வில் மதிப்பெண் இரண்டு கோடிக்கும் பரவும். நூற்றுக்குத் தொண்ணூறும் சாத்தியம், முப்பதும் சாத்தியம். கட்டுரைத் தேர்வில் பெரும்பாலானோர் நடுவில் குவிவார்கள். அடுத்த படிப்புக்குச் சராசரியைப் பார்க்கிற இடம் என்றால் இது கணக்கில் எடுக்க வேண்டிய அபாயம்தான்.

எகனாமெட்ரிக்ஸ், அளவுசார் பொருளாதாரம், புள்ளியியல் கலந்தவை

மூன்று வாசலிலும் ‘அட’ சொன்னவருக்கு நான் கைகாட்டுவது இந்தப் பக்கம். பள்ளியில் இப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாது என்பதால் விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

நெதர்லாந்தில் இதற்கு நீண்ட மரபு. ராட்டர்டாமில் டின்பெர்கனும் ஹென்ரி டைலும் 1956-ல் எகனாமெட்ரிக் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார்கள். எகனாமெட்ரிக்ஸை முதலாண்டிலிருந்தே முழுப் பட்டமாகப் படிக்கும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. 2021-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான கீடோ இம்பென்ஸ் அந்த ஊரில் எகனாமெட்ரிக்ஸ் படிக்கத் தொடங்கியவர்தான். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் ‘மோர்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டம் கணிதம், ஆபரேஷனல் ரிசர்ச் (நிறுவன முடிவுகளுக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் துறை), புள்ளியியல், பொருளாதாரம் என்று நான்கையும் சேர்க்கிறது. அதை நடத்துவது புள்ளியியல் துறை. நான்கு பாடம் என்றால் எதிலும் ஆழமில்லை என்று தோன்றலாம். புள்ளியியல் என்கிற முதுகெலும்பு இருப்பதால் மற்ற மூன்றும் அதில் வந்து தொங்கிக்கொள்கின்றன.

ஏன் இந்தப் பக்கம்? இன்றைய பொருளாதார ஆய்வில் பெரும்பகுதி தரவோடு நடக்கும் வாதம். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் துரித உணவுக் கடைகளில் முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று எண்ணினார்கள். நியூ ஜெர்சியில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து பென்சில்வேனியாவில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தார்கள். கூலி ஏறியதால் வேலை குறைந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. அதை ஒட்டி எழுந்த சண்டை பல ஆண்டுகள் நடந்தது.

கணக்கு என்று பார்த்தால் அது வெறும் கழித்தல். அந்தக் கழித்தலை எப்போது நம்பலாம் என்பதுதான் கேள்வி. கூலி ஏறாமல் இருந்திருந்தால் இரண்டு மாநிலங்களும் ஒரே திசையில் போயிருக்கும் என்று எப்படி அனுமானிக்கிறீர்கள்? பிழையின் அளவை எப்படி மதிப்பிடுவது? இதற்குப் பொருளாதார அறிவும் வேண்டும், நிகழ்தகவுக் கோட்பாடும் வேண்டும். இரண்டு பாடங்களும் இவ்வளவு நெருக்கமாக உட்காரும் இடம் வேறு இல்லை. கார்டுக்கு 2021 நோபலில் பாதி கிடைத்தது. மீதிப் பாதியை ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் இம்பென்ஸும் பகிர்ந்துகொண்டார்கள்.

வேலைவாய்ப்பிலும் இதற்கு வசதி உண்டு. மத்திய வங்கிகள், காப்பீடு, ஆலோசனை நிறுவனங்கள், விலை நிர்ணயத்துக்கும் பரிசோதனைக்கும் பொருளாதாரப் பட்டதாரிகளை எடுக்கும் இணைய நிறுவனங்கள் என எல்லாம் கேட்பது தரவைக் கையாளத் தெரிந்த ஆளை. படிப்பில் ஆர், பைத்தான், ஸ்டேட்டா ஆகிய தரவு ஆய்வு மென்பொருள்களில் ஒன்றிலாவது முறையான பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். குறை என்ன என்றால், பெரிய பொருளாதாரச் சிந்தனைகளோடும் வரலாற்றோடும் பழகும் நேரம் குறைவு. ஒழுங்கில்லாமல் வடிவமைத்த இடங்களில் இது மென்பொருள் பயிற்சியாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மதிப்பீட்டு முறைகளை ஏன் என்று கேட்காமல் இயக்க மட்டும் சொல்லித் தரும் பாடத்திட்டம் என்றால் தள்ளிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பட்டங்கள் இரண்டு. கணினியியலோடு பொருளாதாரம் சேர்ந்தது ஒன்று: எம்ஐடி 2017-ல் கணினியியல், பொருளாதாரம், தரவு அறிவியல் மூன்றையும் சேர்த்து ஒரு மேஜர் தொடங்கியது. ஏல வடிவமைப்பு, இணையச் சந்தைகள் போன்றவற்றில் ஆர்வமிருந்தால் அந்த மாதிரிப் படிப்பு சரி. இன்னொன்று, காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தைக் கணக்கிடும் ஆக்சுவரியல் அறிவியல்: தொழில் எதுவென்று முடிவு செய்துவிட்டவருக்கு மட்டும். பிரிட்டனின் ஆக்சுவரி அமைப்பு அங்கீகரித்த பட்டங்களில் நல்ல மதிப்பெண் வாங்கினால் தொழில்முறைத் தேர்வுகளில் சிலவற்றிலிருந்து விலக்கு கிடைக்கும். அந்தத் தேர்வு வரிசையில் பொருளாதாரத் தாளும் ஒன்று என்பதால் கணிதமும் பொருளாதாரமும் படித்தவர் பின்னால் இந்தப் பக்கம் வருவதும் கடினமல்ல.

பெயரே முக்கியமாகும் ஒரு இடம்

பெயரை விடுங்கள் என்று சொன்னேன். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்குப் படிப்பு முடிந்து வேலைப் பயிற்சிக்கு 12 மாதம் கிடைக்கும். அரசாங்கத்தின் ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொதுப் பொருளாதாரம் என்ற வகைக் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. எகனாமெட்ரிக்ஸும் அளவுசார் பொருளாதாரமும் என்ற குறியீடு, 45.0603, பட்டியலில் இருக்கிறது. இதற்காகவே பல துறைகள் தங்கள் பொருளாதாரப் பட்டத்தின் குறியீட்டை மாற்றிக்கொண்டன. கணிதப் பட்டங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. விதி மாறக்கூடியது என்பதால் சேரும் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது

பழைய தேர்வுத் தாள்கள்தான் சிறந்த சாட்சி. பல பல்கலைக்கழகங்கள் அவற்றை வெளியில் வைத்திருக்கும். இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் மாணவரிடம் கேட்டால் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு நுண்பொருளியல் தாளை எடுத்து வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். ‘கணக்கிடுக’ என்று வந்தால் ஒரு ரகம், ‘விவாதிக்க’ என்று வந்தால் ஒரு ரகம், ‘நிரூபிக்க அல்லது எதிர்மாதிரி தருக’ என்று வந்தால் வேறு ரகம். கையேட்டின் பத்துப் பக்கம் சொல்லாததை இது சொல்லிவிடும்.

விருப்பப் பாடப் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டில் அவற்றில் எவை நிஜமாக நடந்தன என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்பாடம் என்ன என்று பார்த்து, உங்கள் பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் அந்த முன்பாடத்தைத் தருகின்றனவா என்று ஒரு தாளில் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு அறுந்தால் அந்த விருப்பப் பாடம் உங்களுக்கு அலங்காரம்தான். முதலாண்டு முடிவில் பக்கத்துப் பட்டத்துக்கு மாற முடியுமா, அதற்கு எந்த மதிப்பெண் வேண்டும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு படிப்புகள் சமமாகத் தோன்றினால் மாற விடுகிற இடத்துக்கே என் ஓட்டு.

உங்களையே சோதித்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். ரியல் அனாலிசிஸ் பாடநூல் ஒன்றில் எல்லை என்பதன் எப்சிலான்-டெல்டா வரையறையிலிருந்து முதல் நான்கு பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். அடுத்த நாள் ஏதாவது ஒரு மத்திய வங்கியின் பணக் கொள்கை அறிக்கையை முழுதாகப் படியுங்கள். விடை சரியா தப்பா, எல்லாம் புரிந்ததா என்பது இப்போது முக்கியமில்லை. எதை மூடி வைக்க மனமில்லாமல் தொடர்ந்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். பரிச்சயமில்லாத பாடம் என்பதால் முதல் அரைமணி நேரம் இரண்டுமே கசக்கும்; அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

கணிதம் குறைவான பொருளாதாரப் படிப்பில் ஏற்கெனவே இருப்பவர் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை. வரிசை மட்டும் முக்கியம். முதலில் லீனியர் அல்ஜீப்ரா. எகனாமெட்ரிக்ஸ் முழுக்க அணிகளின் மொழியில் இருப்பதால் இதன் பலன் அடுத்த செமஸ்டரிலேயே தெரியும். அடுத்து நிகழ்தகவு. ரியல் அனாலிசிஸை மூன்றாவதாக, அந்த செமஸ்டரில் மற்ற சுமை குறைவாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் தாள் எடுக்கப் பல்கலைக்கழகம் விடவில்லை என்றால், கோடை வகுப்பாகவோ வேறொரு பல்கலைக்கழகத்தின் தனிப்பாடமாகவோ மதிப்பெண் பட்டியலோடு எடுக்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள். முனைவர் சேர்க்கைக் குழுவுக்கு ‘சொந்தமாகப் படித்தேன்’ என்பதைவிட ஒரு மதிப்பெண் தாள் மேல். எதிர்ப்பக்கம், கணிதப் படிப்பில் இருந்துகொண்டு பொருளாதாரத்துக்கு ஏங்குபவருக்கு வேலை சுலபம்: அறிமுகத் தாள்களைச் சொந்தமாகப் படித்துக்கொண்டு, துறை அனுமதித்தால் நேராக இடைநிலை நுண்பொருளியலுக்கும் எகனாமெட்ரிக்ஸுக்கும் போய்விடலாம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு நிஜத் தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டால், முதுகலை விண்ணப்பத்தில் ‘ஏன் பொருளாதாரம்?’ என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டியிருக்காது.